வந்தவருக்கு நாற்காலி, இருந்தவருக்கு?

கட்சி மாறுகிறவர்களைப் பற்றிப் போன இதழில் போகிற போக்கில் ஒரு பதில் எழுதினேன். அதற்கு வந்த கடிதங்களைப் பார்த்ததும் இந்த இதழ் முழுக்க அதையே வைத்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்துவிட்டேன். எழுதியவர்களில் பாதிப் பேர் ஏதாவது ஒரு கட்சியில் ஏதாவது ஒரு பொறுப்பில் இருக்கிறவர்கள், பெயர் போட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்கள். எனவே எல்லோருக்குமே ஊர் மட்டும்தான்.

நேற்று வரை வாய்க்கு வந்தபடி திட்டிய கட்சியிலேயே போய்ச் சேருகிறார்களே, கூச்சமாக இருக்காதா?
வாசகி, மதுரை

இருக்கும். தலைவர் சால்வை போர்த்தி, போட்டோ எடுத்து முடிகிற வரைக்கும்.

நான் இருபது வருடமாகக் கிளைச் செயலாளர். போன தேர்தலில் எங்களுக்கு எதிராக வேலை பார்த்தவர், எங்கள் பையன்கள் மேல் ஸ்டேஷனில் புகார் கொடுத்தவர், இப்போது எங்கள் கட்சிக்கே வந்து ஒன்றியத்துக்குப் பொறுப்பாகிவிட்டார். அவரை வரவேற்று நான் போஸ்டர் ஒட்ட வேண்டுமாம். ஒட்டுவதா, வேண்டாமா?
கிளைச் செயலாளர், ஈரோடு மாவட்டம்

போஸ்டரில் உங்கள் படம் தபால்தலை அளவுக்காவது இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் ஒட்டுங்கள்.

சரி, விளையாட்டு போதும். உங்கள் கடிதம் மாதிரி ஏகப்பட்டது வந்திருக்கிறது, கட்சிப் பெயரை மாற்றிப் போட்டால் எல்லாமே ஒரே கடிதம்தான். அதனால் உங்களுக்குக் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

இணைப்பு விழா எப்படி நடக்கிறது என்று உங்களுக்கே தெரியும். வேன் பிடித்து ஆட்களைக் கூட்டிப் போவார்கள். புதிய கரை வேட்டியில் மடிப்பு கூடக் கலைந்திருக்காது. அரங்கத்தில் முதல் இரண்டு வரிசை வருகிறவர்களுக்கு, பழைய ஆட்கள் சுவரோரமாக நின்றுகொண்டிருப்பார்கள். தலைவர் துண்டு போடுவார், படிவத்தில் கையெழுத்து வாங்குவார்கள், மறுநாள் பேப்பரில் "ஆயிரம் பேருடன் இணைந்தார்" என்று வரும். அந்த ஆயிரத்தில் பெண்டாட்டி, மச்சான், ஓட்டுநர், அவர் கடையில் வேலை செய்யும் பையன் எல்லாம் அடக்கம். எத்தனை பேர் வந்தார்கள் என்று யாரும் எண்ணுவதில்லை. எண்ண வேண்டியது மேடையில் நின்ற ஆட்களை அல்ல, அவர் ஊரில் எத்தனை பூத்தில் அவருக்காக உட்கார ஆள் இருக்கிறது என்பதை.

மாவட்டச் செயலாளர் பக்கத்துக் கணக்கு வேறு. போன முறை இந்த ஒன்றியத்தில் மூவாயிரம் ஓட்டு குறைந்தது, இவர் வந்தால் இவருடைய சொந்தக்காரர்கள், சாதிக்காரர்கள், இவர் கடன் கொடுத்து வைத்திருக்கிறவர்கள் என்று அந்த மூவாயிரம் வந்துவிடும், எதிரிக்கு அங்கே மூவாயிரம் குறையவும் செய்யும், ஆக ஆறாயிரம் லாபம் என்று போடுகிற கணக்கு அது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. இதில் ஒரு வரியை மட்டும் யாரும் எழுதுவதில்லை. இவர் வந்ததால் வீட்டில் உட்கார்ந்துவிடும் பழைய ஆட்கள் எத்தனை பேர், அவர்கள் கையில் எத்தனை ஓட்டு?

இதற்கு நம் பக்கத்து மாநிலத்தில் நல்ல உதாரணம் இருக்கிறது. கர்நாடகத்தில் 2019-ல் காங்கிரஸ், மதச்சார்பற்ற ஜனதா தளம் பக்கமிருந்து 17 எம்.எல்.ஏ.க்கள் கழன்றுகொண்டதில் குமாரசாமி ஆட்சி கவிழ்ந்தது. டிசம்பரில் 15 தொகுதிக்கு இடைத்தேர்தல் நடந்தது, தாவி வந்தவர்களில் 13 பேருக்கு பா.ஜ.க. சீட் கொடுத்தது. மொத்தம் 12 இடம் ஜெயித்தார்கள், ஆட்சி நிலைத்தது, குமாரசாமிக்கு அடுத்து முதல்வரான எடியூரப்பாவுக்குச் சந்தோஷம். ஆனால் பெங்களூருக்குப் பக்கத்தில் இருக்கும் ஹொசகோட்டையைப் பாருங்கள். அங்கே 2018-ல் பா.ஜ.க. வேட்பாளராக நின்று காங்கிரஸின் எம்.டி.பி. நாகராஜிடம் தோற்றவர் சரத் பச்சேகவுடா, அந்தக் கட்சியின் எம்.பி.யாக இருந்த பச்சேகவுடாவின் மகன். யாரிடம் தோற்றாரோ அதே நாகராஜ் அடுத்த வருடமே பா.ஜ.க.வுக்கு வந்துவிட்டார், சீட்டும் அவருக்கே. சரத் என்ன செய்வார்? சுயேச்சையாக நின்றார், கட்சியை விட்டு நீக்கினார்கள், நாகராஜைத் தோற்கடித்தார். அதோடு போயிற்றா, 2023-ல் காங்கிரஸ் சின்னத்தில் நின்று அதே நாகராஜை மறுபடியும் தோற்கடித்தார். வந்தவரையும் ஜெயிக்க வைக்க முடியவில்லை, இருந்த குடும்பத்துப் பையனும் எதிர்க் கட்சிக்குப் போனார். தாவி வந்தவரைச் சேர்ப்பதில் உள்ள மொத்தச் சிக்கலும் இந்த ஒரு தொகுதியில் இருக்கிறது.

அதற்காக வருகிறவர்களை எல்லாம் வாசலிலேயே திருப்பி அனுப்பச் சொல்லவில்லை, அப்படி அனுப்பினால் தமிழ்நாட்டில் எந்தக் கட்சியிலும் பாதி மேடை காலியாகிவிடும். 2021-ல் மு.க. ஸ்டாலின் அமைச்சரவையில் ஒரு காலத்தில் அ.தி.மு.க.வில் இருந்தவர்களை மட்டும் சொல்கிறேன்: எ.வ. வேலு, கே.கே.எஸ்.எஸ்.ஆர். ராமச்சந்திரன், சு. முத்துசாமி, ராஜகண்ணப்பன், ரகுபதி, அனிதா ராதாகிருஷ்ணன், சேகர்பாபு, செந்தில்பாலாஜி. இவர்களில் சிலரை இன்று "வந்தவர்" என்று அந்தக் கட்சிக்காரர்களே சொல்வதில்லை. ஏன் என்று யோசித்தால், சேகர்பாபு 2011 தொடக்கத்தில் வந்தார், அந்தத் தேர்தலில் ஆர்.கே. நகரில் தோற்றார், கட்சியும் ஆட்சியை இழந்தது. அதற்கப்புறம் பத்து வருடம் எதிர்க்கட்சியில் இருந்து, ஆர்ப்பாட்டம் நடத்தி, 2016-ல் துறைமுகத்தில் ஜெயித்து, அமைச்சரானது 2021-ல்தான். முத்துசாமியும் 2010-ல் வந்தவர், அவரும் 2021 வரை காத்திருந்தார். கஷ்ட காலத்தில் கூட நின்றவர் என்று ஒரு பெயர் வந்துவிட்டால் தொண்டன் பழசை மறந்துவிடுகிறான். வந்த ஆறு மாதத்தில் பதவியைக் கையில் கொடுத்தால் எதையும் மறக்க மாட்டான்.

உங்கள் ஒன்றியத்தில் நடந்தது இந்த இரண்டாவது வகை. முதலிலேயே உங்களைக் கூப்பிட்டு, "இப்படி ஒருத்தர் வருகிறார், உங்களுக்கு அவரோடு பிரச்சினை இருக்கிறது என்று தெரியும், அந்தப் போலீஸ் புகாரை அவர் வாபஸ் வாங்கிவிட்டுத்தான் மேடைக்கு வருவார்" என்று மாவட்டம் சொல்லியிருந்தால் உங்களுக்குப் பாதிக் கோபம் போயிருக்கும். உள்ளாட்சித் தேர்தல் சீட்டில் பழைய ஆட்களுக்கு இத்தனை வார்டு என்று பேசி வைத்திருந்தால் மீதியும் போயிருக்கும். இரண்டும் செய்யாமல், வாட்ஸ்அப் குரூப்பில் வரவேற்பு போஸ்டர் டிசைனை மட்டும் அனுப்பினால் என்ன அர்த்தம்?

நான் உங்கள் இடத்தில் இருந்தால் அந்தப் புகாரை வாபஸ் வாங்கச் சொல்லி எழுத்து மூலமாக மாவட்டத்துக்கு ஒன்று, தலைமைக்கு ஒன்று கடிதம் கொடுத்திருப்பேன். வாயால் சொன்னது எதுவும் கட்சியில் பதிவாகாது. உள்ளடி வேலை மட்டும் வேண்டாம். நம் பூத்தில் நாமே ஓட்டுக் குறைத்தால் அவர் தோற்பார் என்பது உண்மைதான், ஆனால் எண்ணிக்கை முடிந்த அன்று பூத் வாரியாகத் தாளை எடுத்து வைத்துக்கொண்டு மாவட்டம் தேடப்போவது உங்களைத்தான்.

ஆள் முக்கியமா, சின்னம் முக்கியமா?
வாசகர், பெரியகுளம்

தேனி மாவட்டத்தில் இருந்துகொண்டு என்னிடம் கேட்கிறீர்களே. உங்கள் ஊரிலேயே பதில் இருக்கிறது.

2017-ல் அ.தி.மு.க. உடைந்தபோது டி.டி.வி. தினகரன் பக்கம் நின்று பதவி இழந்த 18 எம்.எல்.ஏ.க்களில் தங்க தமிழ்ச்செல்வன் ஒருவர். 2019-ல் தினகரனின் கட்சியான அ.ம.மு.க.வின் பரிசுப் பெட்டி சின்னத்தில் தேனி நாடாளுமன்றத் தொகுதியில் நின்றார், மூன்றாவது இடம். தேர்தல் முடிந்த அடுத்த மாதமே தி.மு.க.வுக்குப் போனார். 2021-ல் போடியில் ஓ. பன்னீர்செல்வத்திடம் தோற்றார். 2024-ல் அதே தேனி, உதயசூரியன் சின்னம், எதிரே நின்றது யார் என்றால் பழைய தலைவர் தினகரனே. ஜெயித்துவிட்டார். அதே ஆள், அதே தொகுதி, நடுவில் ஐந்து வருடம். தோற்றபோது ஆள் மோசமாகவும் ஜெயித்தபோது ஆள் நல்லவராகவும் மாறிவிடவில்லை.

அந்த 18 பேரில் பலர் 2019 ஏப்ரல், மே மாதங்களில் தங்கள் பழைய தொகுதியிலேயே பரிசுப் பெட்டியில் நின்று பார்த்தார்கள். மொத்தம் 22 தொகுதி இடைத்தேர்தலில் தி.மு.க.வுக்கு 13, அ.தி.மு.க.வுக்கு 9, அ.ம.மு.க.வுக்கு ஒன்றும் இல்லை. செந்தில்பாலாஜி மட்டும் 2018 டிசம்பரிலேயே தி.மு.க.வுக்கு வந்து அரவக்குறிச்சியில் சூரியனில் நின்று ஜெயித்தார்.

இதைப் பார்த்து "ஆள் ஒன்றுமே இல்லை, எல்லாம் சின்னம்தான்" என்று முடிவுக்கு வந்துவிட வேண்டாம். பெரிய கட்சியின் சின்னம் ஒருவருக்கு முக்கால்வாசித் தூரம் வரை வந்துவிடும், மிச்சத்தை அந்த ஆளின் உழைப்பு, செலவு, ஊர்க்காரர்களோடு இருக்கும் பழக்கம் எல்லாம் சேர்ந்து இழுக்க வேண்டும். போட்டி நெருக்கமாக இருக்கும் தொகுதியில் அந்த மிச்சம்தான் எல்லாமே. அதனால்தான் கட்சிகள் விலை கொடுத்தாவது ஆள் பிடிக்கின்றன. தனியாகப் போய் நான்தான் ஓட்டு என்று நினைக்கிறவர்கள் கட்டுத்தொகை கட்டப் போகும்போதுதான் விழிக்கிறார்கள்.

கட்சித் தாவல் தடைச் சட்டம் என்று ஒன்று இருக்கிறதே, அது என்ன தூங்குகிறதா?
வழக்கறிஞர் (புதியவர்), கோயம்புத்தூர்

வழக்கறிஞரே கேட்டால் எப்படி! ஆனால் கேள்வி நியாயமானது.

1985-ல் ராஜீவ் காந்தி ஆட்சியில் 52-வது திருத்தமாக வந்தது, அரசியல் சட்டத்தின் பத்தாவது அட்டவணை. தானாக முன்வந்து கட்சியை விட்டால் பதவி போகும், சபையில் எப்படி ஓட்டுப் போட வேண்டும் என்று கட்சி போடும் கொறடா உத்தரவை மீறி ஓட்டுப் போட்டாலும் போகும். ஆரம்பத்தில் மூன்றில் ஒரு பங்கு பேர் சேர்ந்து பிரிந்தால் பிளவு, அதற்குத் தண்டனை இல்லை என்று ஒரு ஓட்டை வைத்திருந்தார்கள். ஒருத்தன் போனால் குற்றம், மூன்றில் ஒரு பங்கு போனால் புனிதம். 2003-ல் 91-வது திருத்தம் அந்த ஓட்டையை அடைத்தது. மூன்றில் இரண்டு பங்கு பேர் இன்னொரு கட்சியோடு இணைந்தால் மட்டும் தப்பிக்கலாம் என்று மிச்சம் வைத்தது. கூடவே அமைச்சர்கள் எண்ணிக்கை சபையில் 15 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, தாவிப் பதவி இழந்தவர் மறுபடி தேர்ந்தெடுக்கப்படும் வரை அமைச்சராகக் கூடாது என்றும் சொன்னது.

நல்ல சட்டம்தான். ஆனால் நம் ஆட்கள் என்ன செய்தார்கள் என்றால், சட்டம் அடைத்த கதவை விட்டுவிட்டு மூன்று வேறு வழி கண்டுபிடித்தார்கள்.

கோவா வழி: மொத்தமாகப் போவது. 2022 தேர்தலுக்கு முன்னால் காங்கிரஸ் தன் வேட்பாளர்களை பனாஜி மகாலட்சுமி கோயில், பாம்போலிம் சிலுவை, பெத்திம் தர்கா என்று மூன்று இடத்துக்கும் கூட்டிப் போய், கட்சி மாற மாட்டோம் என்று சத்தியம் வாங்கியது. முந்தைய சபையில் 15 பேரில் 10 பேர் ஒரே நாளில் பா.ஜ.க.வுக்குப் போயிருந்தார்கள், அந்த அடி அப்படி. 11 பேர் ஜெயித்தார்கள். செப்டம்பரில் அதில் 8 பேர் கிளம்பிவிட்டார்கள். மூன்றில் இரண்டுக்கு மேல், எனவே சட்டப்படி சுத்தம். சத்தியம் என்ன ஆயிற்று என்று, போனவர்களில் ஒருவரான முன்னாள் முதல்வர் திகம்பர் காமத்திடம் கேட்டால், மறுபடி கடவுளிடம் போய்க் கேட்டேன், உனக்கு எது நல்லதென்று தோன்றுகிறதோ அதைச் செய் என்றார் என்கிற மாதிரிப் பதில் வந்தது. இதை எதிர்த்து எந்த நீதிமன்றத்துக்குப் போவது?

கர்நாடக வழி: கட்சி மாறாமல் ராஜினாமா செய்வது. சபையின் பலம் குறையும், ஆட்சி கவிழும், அப்புறம் இடைத்தேர்தலில் புதுச் சின்னத்தில் வருவது. மேலே சொன்ன 17 பேரை சபாநாயகர் ரமேஷ் குமார் அந்தச் சபைக் காலம் முடியும் வரை நிற்கவே கூடாது என்று தகுதி நீக்கம் செய்தார். உச்ச நீதிமன்றம் 2019 நவம்பரில், தகுதி நீக்கம் சரி, ஆனால் நிற்கக் கூடாது என்று சொல்ல சபாநாயகருக்கு அதிகாரம் இல்லை என்று சொல்லிவிட்டது. நின்றார்கள், ஜெயித்தார்கள், அமைச்சரானார்கள். அதில் தோற்றுப்போன எச். விஸ்வநாத்தை நியமன மேலவை உறுப்பினராக்கிப் பார்த்தார்கள். நியமனம் வேறு, தேர்தலில் ஜெயிப்பது வேறு, அமைச்சராக முடியாது என்று உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2003 திருத்தம் நிஜமாகவே கடித்த அபூர்வமான இடம் அது.

மூன்றாவது நம்ம ஊர் வழி, இதற்கு ஒரு காப்புரிமையே வாங்கலாம். தே.மு.தி.க. 2011-ல் 29 இடம் ஜெயித்துப் பிரதான எதிர்க்கட்சியானது. கொஞ்ச நாளில் அதன் எம்.எல்.ஏ.க்கள் ஒவ்வொருவராகத் "தொகுதி வளர்ச்சிக்காக" முதல்வர் ஜெயலலிதாவைச் சந்திக்க ஆரம்பித்தார்கள். கட்சியை விடவில்லை, வேறு கட்சியில் சேரவில்லை, சபையில் எதிர்க்கட்சியாகவே உட்கார்ந்துகொண்டு ஆளுங்கட்சியைப் பாராட்டினார்கள். கடைசியில் 2016 பிப்ரவரியில், தேர்தலுக்கு மூன்று மாதம் இருக்கும்போது, 8 பேர் ராஜினாமா செய்தார்கள், விஜயகாந்தின் எதிர்க்கட்சித் தலைவர் அந்தஸ்தும் போனது. நாலு வருடச் சம்பளம், நாலு வருடத் தொகுதி நிதி எல்லாம் வாங்கிய பிறகு!

இத்தனைக்கும் மேலே இருப்பது சபாநாயகர். முடிவு எடுக்க வேண்டியவர் அவர், அவரோ ஆளுங்கட்சி ஆள். இங்கே 2017 பிப்ரவரியில் எடப்பாடி பழனிசாமி கொண்டுவந்த நம்பிக்கைத் தீர்மானத்தை எதிர்த்து ஓ.பி.எஸ். அணி 11 பேர் ஓட்டுப் போட்டார்கள். ஒன்றும் நடக்கவில்லை. ஆகஸ்டில் தினகரன் பக்கத்து 19 பேர் முதல்வர் மேல் நம்பிக்கை இல்லை என்று ஆளுநரிடம் கடிதம்தான் கொடுத்தார்கள், அதில் ஒருவர் திரும்பிப் போய்விட்டார், மிச்சம் 18 பேருக்கும் செப்டம்பர் 18-ம் தேதி பதவி போனது. முந்தைய 11 பேர் இடையில் ஆளுங்கட்சியோடு சேர்ந்துவிட்டார்கள் என்பதைத் தவிர வேறு வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை, உங்களுக்குத் தெரிந்தால் எழுதுங்கள். இந்த அதிகாரத்தைச் சபாநாயகரிடமிருந்து எடுத்துத் தனித் தீர்ப்பாயத்துக்குக் கொடுக்கலாம் என்று உச்ச நீதிமன்றமே 2020-ல் நாடாளுமன்றத்துக்கு யோசனை சொன்னது. எந்தக் கட்சி கொண்டுவரும்? எல்லோருக்கும் என்றாவது ஒரு நாள் சபாநாயகர் தேவைப்படுவாரே.

கட்சியே என்னை நீக்கிவிட்டால் நான் எங்கே வேண்டுமானாலும் போகலாம் அல்லவா?
"நீக்கப்பட்டவன்", காட்பாடி

நீங்கள் எம்.எல்.ஏ. இல்லை என்றால் தாராளமாகப் போகலாம். எம்.எல்.ஏ. என்றால் போக முடியாது, அந்த வழக்கே உங்கள் பக்கத்து வழக்குதான். பிற்பாடு வேலூரில் பெரிய பல்கலைக்கழகம் நடத்திய ஜி. விசுவநாதனும் அழகு திருநாவுக்கரசும் 1991-ல் அ.தி.மு.க. சின்னத்தில் ஜெயித்தவர்கள், 1994-ல் நீக்கப்பட்டார்கள், அப்புறம் ம.தி.மு.க.வில் சேர்ந்தார்கள். நீக்கியது நீங்கள், நான் எங்கே போனால் என்ன என்பது அவர்கள் வாதம். எந்தக் கட்சி சின்னத்தில் ஜெயித்தாரோ அந்தக் கட்சி உறுப்பினராகவே சட்டம் அவரைப் பார்க்கும், இன்னொரு கட்சியில் சேர்ந்தால் தானாக விட்டதாகத்தான் கணக்கு என்று உச்ச நீதிமன்றம் 1996-ல் சொன்னது. நாடு முழுக்க இன்றைக்கும் அந்தத் தீர்ப்பைத்தான் எடுத்துக்காட்டுகிறார்கள். வீட்டை விட்டுத் துரத்தின பிறகும் ரேஷன் கார்டில் பெயர் இருக்கிற மாதிரி.

எதிர்பார்த்து வந்தவர்களுக்கு ஒன்றும் கிடைக்காமல் போவதும் உண்டுதானே?
வாசகி, மார்த்தாண்டம்

நிறைய. உங்கள் விளவங்கோட்டிலேயே மூன்று முறை காங்கிரஸ் எம்.எல்.ஏ.வாக ஜெயித்த விஜயதரணி 2024 பிப்ரவரியில் பா.ஜ.க.வுக்குப் போனார். கன்னியாகுமரி நாடாளுமன்றத் தொகுதி பொன். ராதாகிருஷ்ணனுக்குப் போனது, விளவங்கோடு இடைத்தேர்தலில் சீட் இன்னொருவருக்குப் போனது, தொகுதியோ காங்கிரஸிடமே இருந்தது. எதிர்பார்ப்போடுதான் வந்தேன் என்று அவரே பிறகு மேடையில் வெளிப்படையாகச் சொன்னார். சொன்னது எனக்குப் பிடித்திருந்தது, மற்றவர்கள் மக்கள் சேவை என்று பூசி மெழுகுவார்கள்.

கட்சி பக்கத்திலும் பார்க்க வேண்டும். பொன். ராதாகிருஷ்ணன் மாதிரி அந்த மாவட்டத்தில் பல வருடமாகக் கட்சி வளர்த்தவரை ஒதுக்கிவிட்டுப் போன வாரம் வந்தவருக்குக் கொடுத்திருந்தால் அங்கே ஒரு ஹொசகோட்டை நடந்திருக்கும். தவறு கொடுக்காததில் இல்லை. சேர்க்கும்போது உனக்கு இதுதான், இதற்கு மேல் இல்லை என்று முகத்துக்கு நேராகச் சொல்லாததில் இருக்கிறது. அதைச் சொன்னால் பாதிப் பேர் வர மாட்டார்களே என்பீர்கள். வராமல் இருக்கட்டுமே.

புதுசாக ஆரம்பிக்கிற கட்சிகூட ஏன் பழைய ஆட்களைத் தேடுகிறது? மாற்றம் என்றுதானே சொன்னார்கள்?
கல்லூரி மாணவர், கோபிசெட்டிபாளையம்

செங்கோட்டையனை மனதில் வைத்துக் கேட்கிறீர்கள், ஊரைப் பார்த்தாலே தெரிகிறது. 1977-லிருந்து அ.தி.மு.க.வில் ஜெயித்து வந்தவர், 2025 அக்டோபர் கடைசியில் நீக்கப்பட்டார், நவம்பரில் எம்.எல்.ஏ. பதவியை ராஜினாமா செய்துவிட்டு விஜய்யின் த.வெ.க.வுக்குப் போனார், போனதும் மேற்கு மாவட்டங்களுக்குப் பொறுப்பு.

புதுக் கட்சிக்குக் கூட்டம் தானாக வரும், ஆனால் வேட்புமனுவில் எந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டால் தள்ளுபடி ஆகும், எந்தச் சாவடியில் காலை ஆறு மணிக்கு முகவர் போய் உட்கார வேண்டும், வாக்காளர் பட்டியலில் செத்தவர் யார் ஊரை விட்டுப் போனவர் யார் என்பதெல்லாம் கூட்டத்துக்குத் தெரியாது. 2005-ல் விஜயகாந்த் கட்சி ஆரம்பித்தபோது பண்ருட்டி ராமச்சந்திரன் பக்கத்தில் இருந்ததும் இதற்குத்தான். அவரோ தி.மு.க., அ.தி.மு.க., பா.ம.க. எல்லாம் பார்த்துவிட்டு வந்தவர், பிறகு மறுபடி அ.தி.மு.க.வுக்கே போனார்.

ஆபத்து எங்கே என்றால், பழையவர் அனுபவத்தை மட்டும் கொண்டுவருவதில்லை, தன்னுடைய ஆட்கள், தன்னுடைய எதிரிகள், பழைய கட்சியில் இருந்த கோஷ்டி எல்லாவற்றையும் மூட்டை கட்டிக்கொண்டு வருகிறார். ரசிகர் மன்றத்தில் பேனர் கட்டிய பையனுக்கு நேற்று வரை தலைவர் மட்டும்தான் மேலே. இன்று நடுவில் எழுபது வயதுக்காரர் ஒருவர், அவருக்குக் கீழே அவர் கூட்டி வந்த நாலு பேர். அந்தப் பையனிடம் யாராவது பேசினார்களா என்பதைத்தான் நான் கவனிப்பேன்.

"ஆயாராம் கயாராம்" என்கிறார்களே, யார் அந்த ராம்?
வாசகர், ஓசூர்

ஹரியானாவில் 1967-ல் சுயேச்சையாக ஜெயித்த கயா லால். இரண்டு வாரத்துக்குள் மூன்று முறை கட்சி மாறினார். ஒரு கட்டத்தில் அவரைப் பத்திரிகையாளர்கள் முன்னால் கொண்டு வந்து நிறுத்திய ராவ் பீரேந்திர சிங், கயா ராம் இப்போது ஆயா ராம் ஆகிவிட்டார் என்றார். போன ராம் வந்த ராம் ஆகிவிட்டார் என்று அர்த்தம். அதே மாநிலத்தில் 1980-ல் பஜன்லால் இதையும் தாண்டினார். ஜனதா கட்சி முதலமைச்சராக இருந்தவர், இந்திரா காந்தி மத்தியில் திரும்ப வந்ததும் எம்.எல்.ஏ.க்களை அள்ளிக்கொண்டு காங்கிரஸுக்குப் போய்விட்டார், நாற்காலி அப்படியே, கொடி மட்டும் மாறியது. பாவம், பெயர் கெட்டது கயா லாலுக்கு.

இலங்கையில் இதற்கு என்ன ஏற்பாடு?
வாசகர், மட்டக்களப்பு

உங்கள் மாவட்டத்திலேயே 2023-ல் பார்த்திருப்பீர்கள். அங்கே மக்கள் கட்சிப் பட்டியலுக்கு ஓட்டுப் போடுகிறார்கள், எனவே கட்சி நீக்கினால் எம்.பி. பதவியே போய்விடும், நீக்கியது செல்லாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னால்தான் தப்பலாம். முஸ்லிம் காங்கிரஸ் சின்னத்தில் வந்து, கட்சி முடிவுக்கு மாறாக அமைச்சரான நசீர் அஹமட்டைக் கட்சி நீக்கியது, நீதிமன்றம் அதை ஏற்றது, அமைச்சர் பதவியும் சேர்ந்து போனது. முடிவு சபாநாயகர் கையில் இல்லை என்பதுதான் நாம் கவனிக்க வேண்டியது. ஆனால் கட்சித் தலைமையை எதிர்த்து ஒரு வார்த்தை பேச நினைக்கிறவர் கழுத்திலும் அதே கத்திதான், அதையும் சொல்ல வேண்டும்.

கட்சி மாறுவதே தப்பு என்கிறீர்களா?
ஓய்வு பெற்ற ஆசிரியர், சிதம்பரம்

இல்லை ஐயா. ராஜாஜி 1959-ல் காங்கிரஸை எதிர்த்து சுதந்திராக் கட்சி ஆரம்பித்ததை யாராவது தாவல் என்பார்களா? அண்ணா 1949-ல் திராவிடர் கழகத்திலிருந்து வெளியே வந்தார், எம்.ஜி.ஆர். 1972-ல் தி.மு.க.விலிருந்து நீக்கப்பட்டுக் கட்சி கண்டார். கருத்து மாறும், தலைமையோடு ஒத்துப் போகாமல் போகும், மனிதர்கள்தானே.

ஆனால் அதே ராஜாஜியின் 1952 அமைச்சரவையையும் சொல்ல வேண்டும். சென்னை சட்டசபையில் 375-ல் காங்கிரஸுக்கு 152-தான். எதிர்த்து நின்று ஜெயித்த காமன்வீல் கட்சியின் மாணிக்கவேலு நாயக்கர் மந்திரியானார், உழைப்பாளர் கட்சியின் ராமசாமிப் படையாட்சி முதலில் வெளியிலிருந்து ஆதரவு, 1954-ல் காமராஜர் வந்ததும் அவரும் மந்திரி. உங்கள் கடலூர்ப் பக்கத்துக் கதை, உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். காங்கிரஸை எதிர்த்து விழுந்த ஓட்டு காங்கிரஸ் மந்திரிசபையில் போய் உட்கார்ந்தது.

நான் பார்ப்பது ஒன்றைத்தான். பழைய சின்னத்தில் வாங்கிய பதவியைத் திருப்பிக் கொடுத்தாரா? வி.பி. சிங் காங்கிரஸை விட்டபோது எம்.பி. பதவியையும் விட்டார், 1988-ல் அலகாபாத்தில் சுயேச்சையாக நின்று ஜெயித்து வந்தார். இங்கே அனிதா ராதாகிருஷ்ணன் 2009-ல் தி.மு.க.வுக்கு வந்தபோது ராஜினாமா செய்துவிட்டு அதே திருச்செந்தூரில் மறுபடி ஓட்டுக் கேட்டார். ஆளுங்கட்சி வேட்பாளராக இடைத்தேர்தலில் நிற்பது பெரிய வீரம் இல்லைதான், இருந்தாலும் ஓட்டுப் போட்டவனிடம் ஒரு வார்த்தை கேட்டார் அல்லவா.

எங்கள் எம்.எல்.ஏ. நாளைக்குத் தாவினால், ஓட்டுப் போட்ட நான் என்ன செய்ய முடியும்?
வாசகி, திருப்பூர்

மனு கொடுக்கலாம். இன்னொரு எம்.எல்.ஏ.தான் கொடுக்க வேண்டும் என்று பலரும் நினைக்கிறார்கள், ஒடிசா வழக்கு ஒன்றில் 2013-ல் உச்ச நீதிமன்றம் அக்கறை உள்ள யார் வேண்டுமானாலும் தகுதி நீக்க மனு கொடுக்கலாம் என்று சொல்லியிருக்கிறது. சாதாரணமாக மூன்று மாதத்தில் முடிவெடுக்க வேண்டும் என்று 2020-ல் மணிப்பூர் வழக்கில் சொன்னது, அங்கே சபாநாயகர் அசையவில்லை என்றதும் சம்பந்தப்பட்ட அமைச்சரை நீதிமன்றமே பதவியிலிருந்து இறக்கியது. 2025 ஜூலையில் தெலங்கானாவின் 10 எம்.எல்.ஏ.க்கள் விஷயத்திலும் அதே மூன்று மாதக் கெடு விதித்தார்கள். எனவே மனுவில் தேதி, அவர் மேடையில் துண்டு போட்டுக்கொண்ட போட்டோ, பேப்பர் கட்டிங் எல்லாம் இணைத்துப் பதிவுத் தபாலில் சபாநாயகருக்கு அனுப்புங்கள். ஒப்புகைச் சீட்டைப் பத்திரமாக வையுங்கள், மூன்று மாதம் கழித்து உயர் நீதிமன்றம் போவதென்றால் வக்கீல் முதலில் கேட்கப்போவது அதைத்தான்.